12 போர் துவக்கின் உதையும் இடது காதின் இரைச்சலும்

வெலிமடைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவிடமிருந்து தன் பெயருக்கு மாறிய பழைய ஒற்றைக்குழல் 12 போர் (‘போர்’ என்பது குழல் துளையின் அளவு) துவக்கால், போன வாரம் காவல் குடிலுக்குள் இருந்தபடி பன்றிக்கு இரண்டு வெடி வைத்தாராம். தோள் கன்றிப்போய்விட்டது. இடது காதில் மூன்று நாளாகக் ‘கொய்ங்’ என்ற சத்தம் நிற்கவில்லை. குழல்வாயில் துளை போட்டு ‘மசில் பிரேக்’ மாதிரி செய்து தருகிறேன், உதை பாதியாகக் குறையும் என்று லேத் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? காதை அடைத்துக்கொண்டால் பன்றி வரும் சத்தம் கேட்காதே, அதற்கு என்ன வழி? மேலோட்டமாகப் பார்த்தால் இது துவக்கின் உதையைப் பற்றிய கேள்வி. எனக்கு அப்படித் தெரியவில்லை. தோளைக் காப்பாற்றப் போய்க் காதைத் தொலைத்துவிடாமல் இருப்பது எப்படி என்பதைத்தான், தம்பி, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்டல் பரிசோதனை செய்யும் வேலையில் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். டொக்டர் இல்லை. துவக்குப் பழக்கம் அந்த வேலைக்கு முன்பே வந்துவிட்டது. பண்டாரவளைக்குக் கீழே மாமாவின் மரக்கறித் தோட்டத்தில், அவருடைய இரட்டைக்குழல் துவக்கைத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொடுத்தே வளர்ந்தவன். பிறகு என் பெயரிலும் பயிர்க் காவலுக்கு ஓர் உரிமம் இருந்தது. ஆக, 12 போரைப் பற்றியும் காதைப் பற்றியும் அனுபவத்திலிருந்து பேச முடியும். துவக்குத் திருத்தும் தொழில் தெரியாது. பெரிய ரைபிள்களைச் சுட்டதும் குறைவு. அந்த இடங்களில் நான் சொல்வது பொதுவாக அறியப்பட்ட கணக்கு மட்டுமே.

லேத் கடைக்காரருக்கான பதில்: வேண்டாம். அதுவும் உங்கள் துவக்கில் வேண்டவே வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 32 கிராம் சன்னம் உள்ள சாதாரணத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அந்தச் சன்னமும், அதற்குப் பின்னால் இருக்கும் அடைப்பும் சேர்ந்து சுமார் 35 கிராம், விநாடிக்கு ஏறத்தாழ 400 மீற்றர் வேகத்தில் முன்னே போகின்றன. அவற்றோடு மருந்து எரிந்து வந்த புகையும் போகிறது, அது இரண்டு கிராமுக்கும் குறைவு. முன்னே போவதற்கு ஈடாகத் துவக்கு பின்னே வர வேண்டும், அதுதான் உதை. மூன்று கிலோ துவக்கு ஒன்று விநாடிக்கு சுமார் ஐந்து மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில், உங்கள் தோளில் வந்து இடிக்கிறது. ஓடும் சைக்கிளின் வேகம். மசில் பிரேக் என்ன செய்யும்? வெளியே வரும் புகையைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்னாலும் திருப்பிவிடும், அவ்வளவுதான். ஏற்கெனவே வெளியேறும் சன்னத்தை அதால் ஒன்றும் செய்ய முடியாது. 12 போரில் மொத்த உதையில் புகையின் பங்கு பத்தில் ஒன்றுகூட வராது. பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு உதையைப் பாதியாக்க எந்த லேத்தாலும் முடியாது.

அப்படியென்றால் மசில் பிரேக் போட்டதும் உதை குறைவதாக வீடியோக்களில் காட்டுவது பொய்யா? பொய்யில்லை, அது வேறு துவக்கு. வேகமான ரைபிளில் குண்டு சின்னது, மருந்து அதிகம். 308 ரகத்தில் குண்டு பத்துக் கிராமுக்குள், மருந்து மூன்று கிராம் அளவில். அங்கே உதையில் மூன்றில் ஒரு பங்கு வரை புகையின் வேலை. அதனால் பிரேக் நன்றாகவே பிடிக்கும், சுடுபவர் முகத்தில் ஆச்சரியம் தெரியும். ஆனால் பக்கவாட்டில் திருப்பிய புகையோடு சத்தமும் திரும்புகிறது. சுடுபவர் காதிலும் அவர் பக்கத்தில் நிற்பவர் காதிலும் அது பல டெசிபெல் கூடுதலாக விழும் என்பது அளந்து பார்த்து உறுதியான விஷயம். வீடியோவில் எல்லோரும் பெரிய காதுமூடி போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? ஒலியை அடக்கும் குழாய் ஒன்றும் இருக்கிறது, சைலன்சர் என்பார்களே அதுதான். உதையையும் சத்தத்தையும் ஒன்றாகக் குறைப்பது அது ஒன்றுதான். சில நாடுகளில் வேட்டைக்காரர்கள் சாதாரணமாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பயிர்க் காவல் துவக்கு வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

துளை போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய குழலின் சுவர் எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு என்று லேத்காரருக்குத் தெரியாது. துளையின் உள்விளிம்பில் பிசிறு நின்றால் சன்னத்தின் அடைப்பு அதில் கிழிபடும். உரிமப் பத்திரத்தில் துவக்கின் விவரம் எழுதியிருக்கிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கும் காரியம் இது. குழலை வெட்டியும் துளைத்தும் வைத்த துவக்கைக் காட்டிவிட்டுப் பொலிசில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எந்த மாற்றம் செய்வதென்றாலும் முதலில் மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். குழலைக் கட்டையாக வெட்டுவது இன்னும் மோசம். குழல்வாய் காதுக்குக் கிட்ட வந்துவிடும், துவக்கின் எடை குறைவதால் உதையும் கூடும்.

சரி, உதையைக் குறைப்பது எது? முதலிடம் தோட்டாவுக்கு. அதே மூன்று கிலோ துவக்கில் 32 கிராம் தோட்டாவுக்குப் பதில் 24 கிராம் தோட்டா போட்டால், உதையின் ஆற்றல் சுமார் 38 ஜூலிலிருந்து 23 ஜூலுக்கு இறங்கும். எந்தப் பிரேக்கும் தராத குறைவு இது. ஆனால் நீங்கள் கேட்பீர்கள், 24 கிராம் சின்னச் சன்னத்தை வைத்துப் பன்றியை என்ன செய்வது என்று. நியாயம்தான். பன்றிக்கு எஸ்.ஜி. மாதிரிப் பெரிய சன்னம் வேண்டும், காயப்பட்ட பன்றியை விட்டுவைப்பது பாவம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அதனால் பழகும்போது மெல்லிய தோட்டா, காவலுக்குப் போகும்போது கனத்தது. நமக்குத் தோட்டா எண்ணித்தான் கிடைக்கிறது, பழக்கத்துக்கு யார் செலவழிப்பார்கள் என்று தோன்றும். மூன்று மெல்லிய தோட்டா போதும், அதைப் பிறகு சொல்கிறேன்.

தோட்டாவோடு சேர்த்து ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்களுடையது பழைய துவக்கு. வெள்ளைக்காரர் காலத்துத் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு அளவாகச் செய்தது. இன்று வருவது 70 மில்லிமீற்றர், மெக்னம் என்றால் 76. நீளமான தோட்டா பழைய அறைக்குள் சிக்கில்லாமல் நுழைந்துவிடும், அதுதான் பொல்லாப்பு. ஏனென்றால் அந்த அளவு, வெடித்து வாய் விரிந்த தோட்டாவின் நீளம். மூடியிருக்கும்போது கட்டையாகத் தெரியும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், உதையும் ஏறும். ‘இந்தத் துவக்கு எப்போதுமே பேய் மாதிரி உதைக்கும்’ என்று சொல்லப்படும் சில துவக்குகளின் கதை இதுவாகவும் இருக்கலாம். உங்களுடையதும் அப்படியா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. குழலின் அடிப்பக்கத்தில் பொறித்திருப்பதைப் பாருங்கள். இடியன் துவக்கு வைத்திருந்த பழைய ஆட்களுக்கு இந்தக் கவலை இல்லை, வேறு கவலை இருந்தது. மருந்தைக் கைக்கணக்கில் போட்டு இடிப்பதால் ஒவ்வொரு வெடிக்கும் உதை ஒவ்வொரு மாதிரி.

இரண்டாவது, எடை. நுவரெலியாவில் 1840களின் கடைசியில் குடியேறிய ஆங்கில வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் யானை சுட வைத்திருந்த ரைபிள்களில் ஒன்று 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. அவ்வளவு மருந்து போட்டுச் சுடும் துவக்கைத் தோளில் வைக்க வேண்டுமென்றால் அது அவ்வளவு பாரமாகத்தான் இருக்க வேண்டும். தூக்கிவர ஆள் இருந்தது, சுமந்தார்கள். (அந்த ஆட்களின் காதைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.) நமக்குத் துவக்கைத் தூக்கிவர ஆளில்லை. கட்டையின், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியின், பின்பக்கம் உள்ளே ஒரு குழி இருந்தால் அதில் 300 கிராம் ஈயம் வைத்து ஆடாமல் அடைக்கலாம். கணக்குப்படி உதை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். மோசமில்லை, பெரிய அதிசயமும் இல்லை. லேத்காரர் வாக்குக் கொடுத்த பிரேக்கால் உண்மையில் கிடைப்பதற்குச் சமமான இலாபம், காதுக்கு ஒரு சதம் செலவில்லாமல்.

மூன்றாவது, கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கன்றியது எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடியில் பாருங்கள். காரை எலும்புக்குக் கீழே, தோளின் உட்பக்கக் குழிவில் சிவந்திருந்தால் பரவாயில்லை, அது உதை விழ வேண்டிய இடம். கையும் தோளும் சேரும் மூட்டிலோ, புயத்தின் சதையிலோ நீலம் பாரித்திருந்தால் நீங்கள் துவக்கை வைத்த இடமே பிழை. அந்தப் பிழைக்கு நம் குளிரும் ஒரு காரணம். பகலில் சேர்ட்டோடு தோளில் வைத்துப் பார்க்கும்போது கட்டை சரியாக உட்காரும். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு ஜேர்சி, அதன் மேல் ஒரு கோட் என்று போட்டுக்கொண்டு குடிலில் இருக்கும்போது, தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் தடிப்புக்குத் துணி வந்துவிடுகிறது. கட்டை உள்ளே போகாமல் புயத்துக்கு வழுக்குகிறது. அவசரத்தில் அது தெரியாது, வெடி வைத்த பிறகுதான் தெரியும்.

றப்பர் மெத்தை ஒன்று கட்டையின் அடியில் பொருத்தலாம். இடியின் மொத்தக் கணக்கை அது மாற்றாது, ஆனால் இடி வந்து சேரும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கூர்மையை மழுக்கும். மெத்தையும் கட்டையின் நீளத்தைக் கூட்டும் என்பதை மறக்க வேண்டாம். பழைய சீமைத் துவக்குகளின் கட்டை ஆறடி ஆளுக்கு அளவெடுத்த மாதிரி நீளம், நம்மில் பலர் ஐந்தடி நாலு, ஐந்து. அளவு பார்க்கச் சுலபமான வழி: காவலுக்குப் போகும் அதே உடுப்போடு, வெறும் துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் அழுத்துங்கள். விசைக்குப் போகும் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் குத்தும், கூடினால் கழுத்தை நீட்டிக்கொண்டு சுட வேண்டி வரும். கன்னம் கட்டையில் ஒட்டாமல் தூக்கி வைத்தால் கட்டை கன்ன எலும்பில் வந்து அடிக்கும். அந்த வலியைத்தான் பலர் ‘உதை’ என்று சொல்கிறார்கள்.

நீங்கள் எழுதியதில் இன்னொன்று கண்ணில் பட்டது. குடிலின் பின் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுட்டதாகச் சொன்னீர்கள். அதுதான் உங்கள் தோளுக்கு வந்த வினை என்று நினைக்கிறேன். நின்று சுடும்போது உடம்பு பின்னால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், உதை அந்த அசைவில் கரையும். முதுகுக்குப் பின்னால் மரத்தூண் இருந்தால் கரைய இடமில்லை. தூணுக்கும் துவக்குக்கும் நடுவில் உங்கள் தோள் மாட்டிக்கொள்கிறது. எழுந்து நில்லுங்கள், அல்லது முன்னால் ஒரு கம்பில் இடது கையைத் தாங்கி உடம்பை முன்னே சாய்த்து உட்காருங்கள். இதற்கு ஒரு சதமும் வேண்டாம்.

இப்போது அந்த மூன்று மெல்லிய தோட்டா. காதில் அடைப்பானைப் போட்டுக்கொண்டு, ஒரு கூட்டாளியிடம் துவக்கைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் ஒரு தடவை தோட்டாவும் ஒரு தடவை வெடித்து முடிந்த வெறும் கோதும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெறும் கோது வந்த தடவை, விசையை அழுத்தும்போது குழல்வாய் கீழே குத்துவதைக் காண்பீர்கள். கண்ணும் மூடும். உதையே வராத இடத்தில் உடம்பு உதைக்குப் பயந்து துள்ளுகிறது. பிறகு அடைப்பானுக்கு மேல் காதுமூடியும் போட்டுக்கொண்டு அதையே செய்து பாருங்கள். துள்ளல் குறையும். துவக்குப் பழக்குபவர்கள் பலரும் சொல்வது இதுதான்: நாம் உதை என்று பயப்படுவதில் பெரும்பகுதி சத்தத்தின் மேலுள்ள பயம். இதை எவரும் துல்லியமாக அளந்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் கையிலும் என்னிடம் பழகிய இரண்டு மூன்று பேரிடமும் கண்ணால் கண்டது. ஆக, காதைக் காப்பாற்றச் செய்யும் காரியம் தோளுக்கும் உதவுகிறது.

காதுக்கு வருவோம். 12 போர் வெடி சுடுபவர் காதில் 150 முதல் 165 டெசிபெல் வரை உச்சம் காட்டும், நடுவில் 155 என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு ஒரு கணத்துக்குக்கூடத் தாண்டக் கூடாத உச்சம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது 140. சிறுபிள்ளைகளுக்கு 120. 140க்கும் 155க்கும் பதினைந்துதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. டெசிபெல் கணக்கில் அது காற்றின் அழுத்தத்தில் ஐந்து மடங்குக்கு மேல். தேயிலைத் தொழிற்சாலையில் வருடக்கணக்காக இரைச்சலில் நிற்பவருக்குக் காது மெல்ல மெல்லத்தான் போகும். வெடி அப்படியில்லை, ஒரே வெடி போதும். அதிக சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு சின்னத் தசை தானே இறுகி உள்காதைக் காக்கப் பார்க்கும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடி வந்து போய்விடும்.

உள்காதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்க்கலங்களோடு பிறக்கிறோம். செத்தது மனிதருக்குத் திரும்ப முளைக்காது. வெடியில் முதலில் அடிபடுவது 4000 ஹேர்ட்ஸ் பக்கம் உள்ள உயர்ந்த சுருதியைப் பிடிப்பவை. எங்கள் கேட்டல் பரிசோதனை வரைபடத்தில் வலது காதைச் சிவப்பு வட்டத்தாலும் இடது காதை நீலப் பெருக்கல் குறியாலும் போடுவோம். துவக்குப் பிடித்தவர் வந்து உட்கார்ந்தால் நீலக்கோடு அந்த இடத்தில் கிணறு வெட்டியதுபோல் இறங்கும், சிவப்புக்கோடு அவ்வளவு இறங்காது. வலது கைக்காரர் கன்னத்தைக் கட்டையில் வைக்கும்போது வலது காது தோளுக்குள் மறைகிறது, இடது காது குழல்வாய்ப் பக்கம் திரும்பி நிற்கிறது. ‘ஐயா, துவக்கு வைத்திருந்தீங்களா?’ என்று வரைபடத்தைப் பார்த்தே கேட்டிருக்கிறேன். கிழவர்கள் திகைத்துப்போவார்கள். அவர்கள் சொல்வது எப்போதும் ஒரே வசனம்: ‘கேக்குது தம்பி, ஆனா விளங்குதில்ல.’ உயிரெழுத்து கேட்கும், சகரமும் தகரமும் கேட்காது. என் கதையும் அதுதான். போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது மனைவி என் கக்கத்தில் ‘பீப்’ அடிக்கும் வெப்பமானியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பாட்டுக்குப் படுத்திருந்தேன். அவள் அங்கிருந்தே கத்துகிறாள், ‘அது எப்பவோ அடிச்சு முடிஞ்சிட்டு, எடுங்களேன்’ என்று. வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன், மேலே இருந்தது இடது காது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

அடைப்பானைப் பற்றி. பஞ்சு வேண்டாம், துணி வேண்டாம், சிகரெட் பில்டர் வேண்டாம். பஞ்சு குறைப்பது ஏழு டெசிபெல்கூட வராது. மஞ்சள், செம்மஞ்சள் நிறத்தில் வரும் மெத்தென்ற நுரை அடைப்பான்தான் மலிவும் நல்லதும். ஆனால் பத்தில் எட்டுப் பேர் அதைக் காதின் வாசலில் செருகிவிட்டு விடுகிறார்கள். சுருக்கமில்லாமல் மெல்லிய திரிபோல் உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுங்கள், துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக இருந்தால் உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். உள்ளங்கையால் காதைப் பொத்தி எடுத்துப் பார்த்தாலும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பெட்டியில் 30 டெசிபெல் என்று போட்டிருந்தால் சரியாகப் போட்டவருக்கு 25 கிடைத்தாலே நல்லது. 155இல் 25 போனால் 130, எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். அதன் மேல் காதுமூடியும் போட்டால் இன்னும் ஐந்து டெசிபெல் அளவு கூடுதலாகக் கிடைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் இரண்டின் எண்ணையும் கூட்டிக் கணக்குப் போட முடியாது, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் சத்தம் உள்ளே போகிறது.

காதுமூடி போடுபவர்களுக்கு நம் ஊரில் மட்டும் தேவைப்படும் ஓர் எச்சரிக்கை: மங்கி கெப் மேலே அதை மாட்டாதீர்கள். கம்பளிக்கும் தோலுக்கும் இடையில் சத்தம் நுழைய வழி கிடைத்துவிடும். முதலில் காதுமூடி, அதற்கு மேல் கெப் என்று மாற்றிப் போடுங்கள். பார்க்க எப்படியிருந்தால் என்ன, பன்றிதான் பார்க்கப் போகிறது. கண்ணாடி போடுபவருக்கும் அதன் தண்டு காரணமாகக் கொஞ்சம் கசியும். அவருக்கு நுரை அடைப்பானே மேல்.

பன்றி வருவது எப்படிக் கேட்கும்? இதற்கு நல்ல பதில் இலத்திரனியல் காதுமூடி. சருகில் கால் வைக்கும் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், உரத்த சத்தம் வந்த கணத்தில் வெளிச் சத்தத்தை உள்ளே விடுவதை நிறுத்திவிடும். என்னைப்போல் காது மங்கியவருக்கு வெறும் காதைவிட அதில் கூடுதலாகவே கேட்கும். விலைதான் யோசிக்க வைக்கும், ஈரத்தில் பற்றரியையும் கவனிக்க வேண்டும். அதை வாங்கும்வரை நான் செய்த வழி இது: இடது காதில் வீட்டிலேயே நுரை அடைப்பானைச் சரியாகப் போட்டுக்கொண்டு போவேன். கழுத்தில் சாதாரணக் காதுமூடி தொங்கும். வலது காதால் கேட்டுக்கொண்டிருப்பேன். பன்றி கிழங்கைக் கிளறத் தொடங்கினால் உடனே ஓடாது, வேலையில் மூழ்கிவிடும். துவக்கைத் தூக்குவதற்கு முன் காதுமூடியை இரண்டு காதுக்கும் இழுத்துவிட நேரம் இருக்கும். நேரமில்லாவிட்டால் சுடமாட்டேன். இது முழுமையான வழியில்லை. ஒரு காதை அடைத்தால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது, அதனால் கண்ணால் தெளிவாகக் காணாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது. வெறும் சத்தத்தை நம்பி வெடி வைத்தால் பக்கத்துத் தோட்டத்து ஆளாகவும் இருக்கலாம், மரையாகவோ சிறுத்தையாகவோ இருக்கலாம். பன்றிக்கு இல்லாத சட்டப் பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு.

குடிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகரக் கூரை, மூன்று பக்கமும் தகரம் என்றால், உள்ளே குழல்வாயை வைத்துச் சுடுவது அண்டாவுக்குள் தலையை விட்டு அண்டாவில் அடிப்பது மாதிரி. குழல்வாய் திறப்புக்கு வெளியே நன்றாக நீட்டியிருக்க வேண்டும், முடிந்தால் வெளியே வந்து சுடுங்கள். எதிர்மலையிலிருந்து திரும்பிவரும் எதிரொலிக்குப் பயப்பட வேண்டாம், அது வருவதற்குள் களைத்துவிடும். கிட்ட இருக்கும் தகரம்தான் எதிரி. உங்களோடு காவலிருப்பவர் பக்கத்திலோ முன்னாலோ இல்லாமல் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும், அவர் காதும் அடைத்திருக்கட்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

இப்போது இரைந்துகொண்டிருக்கும் அந்தக் காது. வெடிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் இரைச்சல் அடங்கி, கேட்டலும் திரும்பி வருவது பலருக்கு நடப்பது. மூன்று நாளாக நிற்கவில்லை என்றால் இனிக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், கேட்டல் பரிசோதனை செய்வார்கள். சிலருக்கு ஸ்டெரொய்ட் மருந்து கொடுப்பதும் உண்டு. வெடிச் சத்தத்தால் வந்த பாதிப்புக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. கொடுப்பதானால் ஆரம்ப நாட்களிலேயே கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் பெரும்பாலான டொக்டர்மார் ஒத்துப்போகிறார்கள். அதுவரை நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சிக் காதில் விடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குப் போய்ப் புது வம்பு தொடங்கும். இரைச்சல் அடங்கிவிட்டால் காது முழுதாகப் பிழைத்தது என்றும் அர்த்தமில்லை. பரிசோதனையில் தெரியாத அளவுக்கு நரம்பில் சேதம் தங்கியிருக்கலாம் என்று விலங்குகளில் காட்டியிருக்கிறார்கள், மனிதரில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விவாதத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே அளவு வெடி வைத்த இரண்டு பேரில் ஒருவருக்குக் காது போவதும் மற்றவருக்குப் போகாததும் ஏன் என்பதற்கும் முழுப் பதில் இல்லை. மாமா எழுபத்தெட்டு வயதுவரை எதையும் அடைக்காமல் சுட்டார், கடைசிவரை நன்றாகக் கேட்டது. அவருடைய பழக்கத்தைப் பார்த்துத்தான் நானும் அடைக்காமல் சுட்டேன்.

இரைச்சல் நிற்கும்வரை துவக்கைத் தொடாதீர்கள். கிழங்கைக் காக்க அதுவரை வேலியோ, தகரம் தட்டுவதோ பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு மூன்று விஷயத்தை எனக்கு எழுதுங்கள்: குழலின் அடியில் பொறித்திருக்கும் எண், கட்டையின் அடியிலிருந்து விசைவரை உள்ள நீளம், தோளில் கன்றிய இடம். மெத்தை போட வேண்டுமா, கட்டையைக் குறைக்க வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். லேத்காரரிடம் முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.